முதல் வகுப்பில் ஒரு நோயாளியை உட்கார வையுங்கள்

பிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்பின் மருத்துவ அறிமுகப் பாடத்தை வகுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் 14 ஆண்டுகளாக பிசிஷியன் அசிஸ்டன்டாக, அதாவது மருத்துவரோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்ப்பவராக, வேலை பார்க்கிறேன். அதில் பெரும்பகுதி பொது மருத்துவ வார்டில். மருத்துவ அறிமுகப் பாடத்தை நீங்கள் நடத்தி முடித்து, தேர்வு வைத்து, மதிப்பெண் போட்டு அனுப்பும் மாணவர்கள் முதலில் வந்து நிற்பது என்னைப் போன்றவர்களிடம்தான். அந்தப் பாடத்தில் எது மனதில் நிற்கிறது, எது உதிர்ந்துவிடுகிறது என்பது உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

புதிதாக வரும் மாணவருக்கு முதல் நாள் நான் ஒரே வேலையைத்தான் கொடுப்பேன். "மூணாம் பெட்டில் இருக்கிறவரிடம் 20 நிமிஷம் பேசிவிட்டு வாங்க." கடைசியாக வந்த மாணவி எட்டே நிமிடத்தில் திரும்பிவிட்டார். "ஹார்ட் ஃபெயிலியர் கேஸ், சார்" என்றார். அது கேஸ் ஷீட்டின் தலைப்பிலேயே இருந்தது. "சரி, அவருக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டேன். இதயச் செயலிழப்பின் நான்கு நிலைகளையும் ஒப்பித்தார். எந்த மருந்து ஆயுளைக் கூட்டும், எது வீக்கத்தையும் மூச்சுத்திணறலையும் தணிக்க மட்டும் உதவும் என்பதையும் பிசகாமல் சொன்னார். ஆனால் அந்தப் பெரியவர் மூன்று இரவுகளாக நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. படுத்தால் மூச்சு வாங்கும் என்பது அவர் படித்த அட்டவணையில் இருந்ததுதான். தேர்வில் எழுதியும் இருக்கிறார். அதை ஒரு மனிதரிடம், "எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீங்க?" என்று கேள்வியாக மாற்றிக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த மாணவியை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தான் வந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு. இரவு டியூட்டி. அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, பல வருஷமாகச் சர்க்கரை நோய் உள்ளவர். "காலையிலிருந்து ஒரே அசதியா இருக்குப்பா, வயித்த என்னமோ பண்ணுது" என்றார். இரண்டு முறை வாந்தி. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், மேல் வயிற்றில் லேசான வலி. இரைப்பை அழற்சி என்று எழுதிவிட்டு டியூட்டி டாக்டரிடம் சொல்லக் கிளம்பினேன். பக்கத்தில் நின்ற மூத்த செவிலியர், "நெத்தி எப்படி வேர்த்திருக்கு பாருங்க. ஒரு ஈ.சி.ஜி. எடுத்துடலாமா?" என்றார். எடுத்தோம். இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு. உடனே சிகிச்சை கிடைத்ததால் அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். அந்தச் செவிலியர் அன்றைக்கு வேறு வார்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில இரவுகளில் யோசிப்பேன்.

இதயப் பாடத்தில் என் மதிப்பெண் 100-க்கு 86. மாரடைப்பைப் பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நான் படித்த ஒவ்வொரு கேள்வியிலும் மாரடைப்பு வந்தவர் 55 வயது ஆண். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவார். வலி இடது கைக்குப் பரவும். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலி இல்லாமலேயே மாரடைப்பு வரலாம் என்பது குறிப்பேட்டின் கடைசியில் ஒரு வரியாக இருந்தது. வார்டில் அந்தக் கடைசி வரி வாரத்துக்கு ஒருமுறையாவது வந்து நிற்கிறது.

நான் கேட்க விரும்புவது இதுதான். அறிமுகப் பாடத்தை நோயின் பெயரில் தொடங்காதீர்கள். நோயாளி வாயால் சொல்லும் தொல்லையில் தொடங்குங்கள். நெஞ்சு வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது, மயக்கமாக வருகிறது, கால் வீங்கியிருக்கிறது, மூன்று நாளாகக் காய்ச்சல். மாணவர் வாழ்நாள் முழுக்கச் சந்திக்கப்போவது இந்த வாசல் வழியாக வருபவர்களைத்தான். "எனக்கு மைட்ரல் வால்வு சுருக்கம்" என்று சொல்லிக்கொண்டு யாரும் முதல்முறை வருவதில்லை.

இந்தப் படிப்பு எப்படிப் பிறந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றும். 1965-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் முதல் பிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்பைத் தொடங்கினார். முதலில் சேர்ந்த நான்கு பேரும் கடற்படையில் மருத்துவப் பணியாளர்களாக இருந்தவர்கள். 1967-இல் மூன்று பேர் படிப்பை முடித்தார்கள். அவர்கள் வகுப்பறைக்குள் நுழையும்போதே காயத்தையும் காய்ச்சலையும் பார்த்தவர்கள், பயந்து நிற்கும் மனிதரிடம் பேசிப் பழகியவர்கள். அவர்களுக்கு விரிவுரையில் சொன்ன ஒவ்வொரு நோய்க்கும் நினைவில் ஒரு முகம் இருந்திருக்கும். சொன்னது போய் ஒட்டிக்கொள்ள இடம் இருந்தது. இன்றைய மாணவர்களில் பலர் நேராகப் பள்ளியிலிருந்தோ ஒரு பட்டப்படிப்பிலிருந்தோ வருகிறார்கள். ஒட்டிக்கொள்ள முகங்கள் அவர்களிடம் இல்லை. நாம் மட்டும் பாடத்தைச் சுருக்கி வேகமாகச் சொல்லிக்கொண்டே போகிறோம். அனுபவம் உள்ளவர்களுக்குப் பொருந்திய வேகம் அனுபவம் இல்லாதவர்களுக்கு எப்படிப் பொருந்தும்?

எப்படிச் செய்யலாம் என்று ஒரு பாடத்தை வைத்தே சொல்கிறேன்.

சர்க்கரை நோய்க்கு உங்கள் அட்டவணையில் அநேகமாக ஒரு வாரம் இருக்கும். முதல் நாள் வகைகள், அடுத்து கண்டறியும் அளவுகள்: வெறும் வயிற்றில் 126, மூன்று மாதச் சராசரி 6.5 சதவீதம். அப்புறம் மாத்திரைகள், இன்சுலின், கடைசி நாளில் அவசரநிலைகள். இதைத் தலைகீழாக்குங்கள். திங்கட்கிழமை காலை பலகையில் இரண்டே வரி எழுதுங்கள்: "19 வயது. இரண்டு நாளாக வாந்தி, வயிற்று வலி." சர்க்கரை என்ற சொல்லே வேண்டாம். மாணவர்கள் குடல்வால் அழற்சி என்பார்கள், உணவு ஒவ்வாமை என்பார்கள், பெண்ணாக இருந்தால் கர்ப்பமா என்று கேட்பார்கள். எல்லாம் நல்ல கேள்விகள், கேட்கட்டும். "வேறு என்ன கேட்பீங்க?" என்று மட்டும் சொல்லுங்கள். யாரோ ஒருவர் தாகத்தைக் கேட்பார். சிறுநீர் அடிக்கடி போகிறதா, எடை குறைந்திருக்கிறதா என்ற கேள்விகள் பின்னாலேயே வரும். மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டால், "ஆழமாகவும் வேகமாகவும்" என்று சொல்லுங்கள். நுரையீரலில் ஒன்றும் இல்லாதபோது ஏன் இப்படி மூச்சு விடுகிறார்? அந்தக் கேள்வி வகுப்பில் விழுந்த நொடியில் அமில-காரச் சமநிலை என்கிற வறண்ட பாடம் உயிர் பெற்றுவிடும். சர்க்கரை நோயில் இன்சுலின் இல்லாததால் ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கிறது, உடல் அதைக் கார்பன் டை ஆக்சைடாக ஊதித் தள்ளப் பார்க்கிறது.

அடுத்தது பொட்டாசியம். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் சரியாக இருக்கிறது, ஏன், சற்றுக் கூடுதலாகக்கூட இருக்கிறது. மாணவர்கள் நிம்மதியாவார்கள். அங்கே நிறுத்துங்கள். அந்தப் பிள்ளையின் உடலில் மொத்தப் பொட்டாசியம் வற்றிப்போயிருக்கிறது, சிறுநீரிலும் வாந்தியிலும் போய்விட்டது. செல்லுக்குள் இருந்தது ரத்தத்துக்கு நகர்ந்திருப்பதால்தான் அளவு சரியாகத் தெரிகிறது. இப்போது இன்சுலின் கொடுத்தால் அது பொட்டாசியத்தைத் திரும்பச் செல்லுக்குள் தள்ளும், ரத்தத்தில் சரசரவென்று இறங்கும், இதயத் துடிப்பு தடுமாறும். தொடக்கத்திலேயே பொட்டாசியம் மிகவும் குறைவாக இருந்தால் முதலில் அதை ஏற்றிவிட்டுத்தான் இன்சுலினைத் தொட வேண்டும். இதை ஒரு கதையாகக் கேட்ட மாணவர் மறக்க மாட்டார். "சிக்கல்கள்: ஹைப்போகலீமியா (பொட்டாசியக் குறைவு)" என்று திரையில் ஒரு புள்ளியாகப் பார்த்தவர் அடுத்த வாரமே மறந்துவிடுவார். எனக்கு அது மறந்துபோயிருந்தது. வார்டில்தான் திரும்பக் கற்றேன்.

வகைகளும் கண்டறியும் அளவுகளும் மாத்திரைகளும் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. செவ்வாயும் புதனும் அதற்குத்தான். ஆனால் அப்போது மாணவர் அவற்றைத் தேடி வருவார். எதற்காகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

நெஞ்சுவலி வாரத்தில் இன்னொன்று செய்யலாம். பொதுவாக எது வரும் என்பதையும் எதைத் தவறவிடவே கூடாது என்பதையும் இரண்டு தனிக் கேள்விகளாகப் பழக்குங்கள். நெஞ்சுவலி என்று வருபவர்களில் தசைவலியும் நெஞ்செரிச்சலும் நிறையவே இருக்கும். ஆனால் மாரடைப்பு, நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி, பெருந்தமனிச் சுவர் கிழிவது, நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்து அழுத்துவது, இதய உறைக்குள் நீர் கோத்து அழுத்துவது, உணவுக்குழாய் கிழிவது, இந்த ஆறும் அன்றைக்கே உயிரை எடுக்கக்கூடியவை. இந்த ஆறையும் முழுசாகக் குணப்படுத்த மாணவருக்குத் தெரிய வேண்டியதில்லை. மனதில் ஒருமுறை வரிசையாக ஓட்டிப் பார்த்து, ஒவ்வொன்றையும் எதை வைத்து ஒதுக்கினேன் என்று சொல்லத் தெரிந்தால் போதும். வலி கிழிப்பதுபோல் முதுகுக்குப் போகிறதா, இரண்டு கைகளிலும் பிரஷர் ஒரே மாதிரி இருக்கிறதா, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறதா. கேள்வி ஒன்றும் கடினமில்லை, கேட்கத் தோன்றுவதுதான் கடினம்.

கேட்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1975-இல் பிரிட்டனில் ஒரு சிறிய ஆய்வு வெளியானது. புற நோயாளியாக வந்த 80 புதிய நோயாளிகளில் 66 பேருக்கு, பரிந்துரைக் கடிதத்தைப் படித்து நோயாளி சொன்னதைக் கேட்ட மாத்திரத்திலேயே மருத்துவர் கணித்த நோய்தான் கடைசியிலும் உறுதியானது. உடலைத் தொட்டுப் பரிசோதித்ததால் கணிப்பு மாறியது 7 பேருக்கு. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே போன்றவற்றால் மாறியது இன்னொரு 7 பேருக்கு. சின்ன ஆய்வுதான், அதற்குப் பிறகு பரிசோதனைக் கருவிகள் எவ்வளவோ வளர்ந்துவிட்டன என்பதும் உண்மை. ஆனாலும் வார்டில் நான் தினமும் பார்ப்பது அதைத்தான். அப்படியிருக்க, பேசிக் கேட்பதற்கு நம் பாடத்திட்டத்தில் எத்தனை மணி நேரம் இருக்கிறது? பெரும்பாலும் தொடக்கத்தில் ஒரு விரிவுரை, "நோயாளி வரலாறு எடுத்தல்" என்ற தலைப்பில், பத்துத் துணைத் தலைப்புகளோடு.

அதுவும் நோயாளிகள் பாடப்புத்தக மொழியில் பேசுவதில்லை. "மயக்கமா வருது" என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நினைவு தப்பிக் கீழே விழுந்ததை அப்படிச் சொல்வார். ஒருவருக்கு அறையே சுழல்கிறது, அதுவும் மயக்கம்தான். எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்பதை இன்னொருவர் அதே சொல்லால் சொல்வார். வெறும் உடல் சோர்வைக்கூட மயக்கம் என்பவர்கள் உண்டு. முதல் ஆள் இதயத்துடிப்புக் கோளாறாக இருக்கலாம். இரண்டாமவர் உள்காதுப் பிரச்சினையாக இருக்கலாம். மூன்றாமவருக்குப் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பார்க்க வேண்டும். நின்று 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 குறைந்தால் அதுவே விடையாக இருக்கக்கூடும். ஒரு சொல்லுக்கு நான்கு பாதைகள். "மயக்கம்னா எப்படி? கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்க" என்ற ஒரு கேள்வி இல்லாவிட்டால் மாணவர் தவறான பாதையில் கிளம்பி, அதற்குண்டான பரிசோதனைகளை எல்லாம் எழுதிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார். வாயு, சளி, படபடப்பு என்று இப்படி இன்னும் எத்தனையோ சொற்கள். இவற்றுக்கு ஒரு வகுப்பு ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

பரிசோதனைகளைப் பற்றியும் ஒன்று. புதிய மாணவர்கள் பரிசோதனைச் சீட்டில் "பாசிட்டிவ்" என்று பார்த்தால் நோய் உறுதி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதைச் சூத்திரம் எழுதித் திருத்த முடியாது, ஆட்களாக எண்ணிக் காட்ட வேண்டும். ஒரு நோய் நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனை, நோய் உள்ளவர்களில் 90 சதவீதம் பேரைப் பிடிக்கும், நோய் இல்லாதவர்களில் 90 சதவீதம் பேருக்கு இல்லை என்று சரியாகச் சொல்லும். ஆயிரம் பேரை நிற்க வைத்தால் 10 பேருக்கு நோய், அவர்களில் 9 பேர் பாசிட்டிவ். மிச்சம் 990 பேரில் 99 பேருக்கும் தவறாகப் பாசிட்டிவ். ஆக 108 பாசிட்டிவில் உண்மையில் நோய் இருப்பது 9 பேருக்கு மட்டும். நூற்றுக்கு எட்டுப் பேர். இதை வகுப்பில் மாணவர்களையே எழுந்து நிற்கச் சொல்லிச் செய்து காட்டலாம். அதன் பிறகு, "யாருக்கு இந்தப் பரிசோதனையை எழுதுகிறேன், ஏன்?" என்று யோசிக்காமல் சீட்டு எழுத அவர்களுக்குக் கை வராது.

இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது, அது ஒரு பக்கம்கூடப் பிடிக்காது. மூச்சு எண்ணிக்கை. எந்த வார்டிலும் போய்க் குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள், 18, 18, 20, 18 என்றுதான் இருக்கும். பலர் எண்ணுவதே இல்லை. பிரஷருக்கும் ஆக்சிஜனுக்கும் கருவி இருக்கிறது, மூச்சுக்கு உட்கார்ந்து எண்ண வேண்டியிருக்கிறது, அதுதான் காரணம். ஆனால் நோயாளி மோசமாகப் போகிறார் என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது பல சமயம் மூச்சுதான். ரத்தத்தில் தொற்று பரவும்போதும் உடலில் அமிலம் ஏறும்போதும், பிரஷர் இறங்குவதற்கு முன்பே மூச்சு வேகமாகிவிடும். ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு; தொற்று உள்ளவருக்கு 22-ஐத் தொட்டாலே உஷாராக வேண்டும். முதல் வாரமே ஒவ்வொரு மாணவரும் பத்துப் பேருக்கு முழுசாக ஒரு நிமிடம் எண்ணட்டும். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே எண்ணட்டும். மூச்சைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் யாரும் இயல்பாக மூச்சு விடுவதில்லை.

பாடத்தில் காட்டும் படங்களையும் ஒருமுறை திரும்பப் பாருங்கள். தோல் சிவந்திருப்பது, நீலம் பாய்வது, வெளிறுவது என்று நாம் காட்டும் படங்களில் பெரும்பாலானவை வெளுத்த தோலில் எடுத்தவை. கருத்த தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது; கருஞ்சிவப்பாக, சில சமயம் சாம்பல் நிறமாகத் தெரியும், தொட்டால் சூடாக இருக்கும். நீலம் பாய்வதை நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலும் பார்க்க வேண்டும். ரத்தசோகைக்குக் கீழ் இமையையும் உள்ளங்கையையும், மஞ்சள் காமாலைக்குக் கண்ணின் வெள்ளையைப் பகல் வெளிச்சத்திலும் பார்க்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிகூடக் கருத்த தோல் உள்ளவர்களுக்கு உண்மை அளவைவிடக் கூட்டிக் காட்டலாம். 2020-இல் அமெரிக்காவில் வந்த ஆய்வொன்று, கருவி காட்டாமல் விட்ட ஆக்சிஜன் குறைவு வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்ததைக் கண்டது. உலகில் பெரும்பாலானோரின் தோலைப் பற்றிய விஷயம் இது. "வித்தியாசமான வெளிப்பாடுகள்" என்று கடைசி வரியில் இதையும் தள்ளிவிடாதீர்கள்.

இனி, பிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்புக்கென்றே உள்ள ஒன்றுக்கு வருகிறேன். நாம் மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்பவர்கள். எவ்வளவு தூரம் தனியாக முடிவெடுக்கலாம், மருந்து எழுதலாமா கூடாதா என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் எந்த நாட்டிலும் ஒரு கேள்வி மாறாது: எப்போது மருத்துவரைக் கூப்பிட வேண்டும்? இந்தக் கேள்வியை எந்தப் பாடமாவது கற்றுத் தருகிறதா? எனக்குத் தரவில்லை. மருத்துவர்களுக்கான பெரிய புத்தகத்தைச் சுருக்கிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். எல்லாத் தலைப்பும் இருந்தது, ஒவ்வொன்றும் கால் பங்கு ஆழத்தில்.

எல்லாவற்றையும் சமமாக வெட்டாதீர்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு, இதயச் செயலிழப்பு, ரத்தசோகை, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, பக்கவாதம், காய்ச்சலும் தொற்றும். இவற்றில் மருத்துவ மாணவருக்குச் சமமான ஆழம் வேண்டும், ஏனென்றால் நம் நாளின் பெரும்பகுதி இவற்றில்தான் போகிறது. அரிதான நோய்களுக்கு அடையாளம் தெரிந்தால் போதும். அட்ரீனல் சுரப்பி செயலிழந்தவருக்கு என்னென்ன ஹார்மோன் எவ்வளவு என்று மாணவர் முதலாண்டிலேயே மனப்பாடம் செய்ய வேண்டாம். விடாத சோர்வு, குறைந்த பிரஷர், குறைந்த சோடியம், கூடிய பொட்டாசியம், இவை ஒன்றாக வந்தால் கை தானாகப் போனை எடுக்க வேண்டும்.

போனை எடுத்தபின் என்ன சொல்வது என்பதும் பாடம்தான். நிலைமை, பின்னணி, என் மதிப்பீடு, எனக்கு என்ன வேண்டும் என்று நான்காகப் பிரித்துச் சொல்லும் முறை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்தது. பல இடங்களில் அதைச் செவிலியர்களுக்குப் பயிற்சியாகவே தருகிறார்கள். நம் மாணவர்கள் நடு ராத்திரியில் டியூட்டி டாக்டரை எழுப்பி, நோயாளியின் பத்து வருஷ வரலாற்றை முதலிலிருந்து சொல்லத் தொடங்குகிறார்கள். "மூணாம் பெட் நோயாளிக்கு மூச்சு 32, ஆக்சிஜன் 86. நேற்று இதயச் செயலிழப்புக்குச் சேர்ந்தவர். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்." இவ்வளவுதான், 20 விநாடி. இப்படிச் சொல்ல ஒவ்வொரு வாரமும் வகுப்பில் ஒருமுறை பழகினால், மூன்றாம் மாதத்தில் குரல் நடுங்காது.

அதேபோல், "எனக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்." இதைச் சொல்ல வெட்கப்படும் மாணவரைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அது அவர்கள் குற்றம் இல்லை. நாம் வைக்கும் தேர்வு அப்படி. நான்கு விடைகளில் ஒன்றை எப்படியாவது குறிக்க வேண்டும், குத்துமதிப்பாகக் குறித்தாலும் கால்வாசி வாய்ப்பு உண்டு, காலியாக விட்டால் பூஜ்யம். ஒரு வருஷம் முழுக்கக் குத்துமதிப்புக்குப் பரிசு கொடுத்துவிட்டு, வார்டுக்கு வந்ததும் "தெரியாததைத் தெரியாது என்று சொல்" என்றால் எப்படி வரும்? கேள்வித்தாளில் ஒரு பகுதியையாவது மாற்றுங்கள். நோயாளியின் கதையைத் துண்டு துண்டாகக் கொடுங்கள். முதல் துண்டைப் படித்ததும் மாணவர் அடுத்து என்ன கேட்பார் என்று எழுதட்டும், அதற்கு மதிப்பெண். எந்தக் கட்டத்தில் மருத்துவரைக் கூப்பிடுவார் என்பதற்கு மதிப்பெண். உயிருக்கு ஆபத்தானதை யோசிக்காமல் விட்டால் அதிகமாகக் குறையுங்கள். அரிய நோயின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை என்று விடுங்கள்.

தேர்வுகளைக் குறைக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், அடிக்கடி வையுங்கள். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, இடையில் தங்களையே சோதித்துப் பார்த்தவர்கள்தான் அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். மதிப்பெண் இல்லாத, பத்து நிமிடச் சின்னத் தேர்வுகள், போன மாதப் பாடத்திலிருந்தும் இரண்டு கேள்வி சேர்த்து. மாணவர்கள் முணுமுணுப்பார்கள், வையுங்கள்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். பாடத்திட்டத்தை முடித்தாக வேண்டும், உரிமத் தேர்வு இருக்கிறது, ஆசிரியர்கள் போதவில்லை. உறுப்பு உறுப்பாகப் பாடம் நடத்துவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது, எதுவும் விடுபடாது. அடிப்படை உடலியங்கியல் தெரியாமல் நோயாளிக் கதைகளை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அது வெறும் அரட்டையாகிவிடும் என்று ஒரு மூத்த ஆசிரியர் என்னிடம் சொன்னார், அவர் சொன்னது சரிதான். 1969-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் நோயாளிப் பிரச்சினையை மையமாக வைத்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கியதிலிருந்து இந்த வாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. எந்த ஒரு முறையையும் முழுசாகத் தூக்கிப்பிடிக்க எனக்கு விருப்பமில்லை. உறுப்புகளின் வரிசை அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு உறுப்புக்குள்ளும் நுழையும் கதவாக மட்டும் ஒரு தொல்லை இருக்கட்டும். இதயத்துக்கு நெஞ்சுவலி, நுரையீரலுக்கு மூச்சுத்திணறல், சிறுநீரகத்துக்குக் கால்வீக்கம். அதோடு வாரத்தில் அரை நாள், இரண்டாம் வாரத்திலிருந்தே, மாணவர் ஒரு நோயாளியின் அருகில் உட்கார்ந்து பேச வேண்டும். நோய் என்னவென்று கண்டுபிடிக்க வேண்டாம், ஊசி போட வேண்டாம். அவர் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தால் போதும். நோயாளி கிடைக்காத வாரத்தில், நோயாளிபோல் நடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவரை உட்கார வைக்கலாம். ஹோவர்ட் பாரோஸ் என்ற மருத்துவர் 1963-இலேயே அதைச் செய்து காட்டிவிட்டார்.

மொத்தத்தையும் ஒரே பருவத்தில் மாற்றச் சொல்லவில்லை. ஒரே ஒரு வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுவலி வாரமாக இருக்கட்டும். முதல் நாள் திரையை இறக்காதீர்கள். மாரடைப்பிலிருந்து தேறிய ஒருவரை, அவருக்குச் சம்மதம் என்றால், முன்வரிசைக்கு எதிரே ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, "அன்னைக்கு என்ன ஆச்சு?" என்று மாணவர்கள் கேட்கட்டும். நீங்கள் எந்தக் கல்லூரியில் இருந்தாலும், பக்கத்து வார்டில் என்னைப் போல ஒருவர் வேலை பார்த்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட நோயாளி யார், அவருக்குப் பேசப் பிடிக்குமா என்பது அவருக்குத் தெரியும். கேளுங்கள், அழைத்துக்கொண்டு வருவார். காலையில் மட்டும் வேண்டாம், ரவுண்ட்ஸ் முடிந்து 11 மணிக்கு மேல் கேளுங்கள்.

அன்புடன்,
பொது மருத்துவ வார்டில் பணியாற்றும் ஒரு பிசிஷியன் அசிஸ்டன்ட்